பழைய காரைத் திருத்துவதா, விற்பதா: நல்லூர்க்காரருக்கு ஒரு கைந்நூல்

வீட்டு முற்றத்தில் ஒரு மொறிஸ் மைனரோ, ஒஸ்ரின் ஏ-40ஓ, கேம்பிறிட்ஜோ, மொறிஸ் ஒக்ஸ்போட்டோ நிற்கிறது. அதை என்ன செய்வது என்று வீட்டில் நெடுங்காலமாகக் கதை நடக்கிறது. இந்தக் கைந்நூல் அப்படிப்பட்ட வீடுகளுக்கானது. ஒழுங்காகப் பின்பற்றினால் பத்துப் படிகளில் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். பின்பற்றாவிட்டாலும் நட்டமில்லை; இப்போது நிற்கும் இடத்திலேயே நீங்களும் நிற்பீர்கள், காரும் நிற்கும்.

கார் இல்லாதவர்களும் வாசிக்கலாம். யாழ்ப்பாணத்தில் பழைய காரைப் பற்றி ஆலோசனை சொல்பவர்களில் பெரும்பாலானோர் அவர்கள்தான்.

தேவையானவை

குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்று. காருக்குக் கீழே படுக்க ஒரு சாக்கு. ஜக் ஒன்று, அதை நம்பாமல் வைக்க மரக்குற்றி இரண்டு. அங்குல அளவு ஸ்பானர் செற் ஒன்று. மில்லிமீற்றர் செற் இந்தக் காரில் நட்டின் மூலையைத் தின்றுவிடும். வாகனப் புத்தகம், கிடைத்தால். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் அர்ச்சனைச் சீட்டு ஒன்று, விலை ஒரு ரூபா. இந்தப் பட்டியலில் விலை ஏறாத ஒரே சாமான் அதுதான்.

படி 1: நாள் பார்த்தல்

திருவிழாக் காலத்தில் முடிவெடுக்காதீர்கள். நல்லூரில் கொடி ஏறினால் 25 நாள். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் வாகனங்களுக்குப் பூட்டப்படும். உள்ளே அகப்பட்ட கார் நிற்கும். நிற்கிற காரின் பற்றரி இறங்கும். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு கோபத்தில் எடுத்த முடிவு.

அதே 25 நாளில் லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருந்து உறவினர் வந்து இறங்குவார்கள். பொனற்றைத் தடவுவார்கள். பின்சீற்றில் ஏறி இருந்து படம் எடுப்பார்கள். "அப்பா எங்களைப் பள்ளிக்கூடம் ஏத்தின கார். இதை மட்டும் வித்துப்போடாதையுங்கோ" என்று கண் கலங்குவார்கள். தீர்த்தம் முடிந்து பிளேன் ஏறிவிடுவார்கள். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு பாசத்தில் எடுத்த முடிவு.

மாரியில் கார் ஒழுகும். முடிவும் ஈரமாக இருக்கும். சித்திரை வெயிலில் றேடியேற்றர் கொதிக்கும், நீங்களும் கொதிப்பீர்கள். ஆகவே தை, மாசி, பங்குனியே உகந்த காலம். அதிலும் சனி மாற்றம் பார்த்துத்தான் தொடங்குவீர்கள் என்றால் இந்தக் கைந்நூலைச் சாத்திரியாரிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 2: நிற்பது என்ன கார் என்று கண்டுபிடித்தல்

இலக்கத் தகட்டிலிருந்து தொடங்குங்கள். ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று ஆங்கில எழுத்து இருந்தால் கார் 'சிலோன்' காலத்தது. 1950களின் பிற்பகுதியில் அந்த இடத்துக்குச் சிங்கள ஸ்ரீ வந்தது. 1958 ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தில் வடக்கில் அதற்குத் தார் பூசித் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். உங்கள் கார் அந்த வயதென்றால் அதன் முதலாவது பெயின்ற் வேலை அரசியல் வேலையாக இருந்திருக்கும்.

அடுத்தது புத்தகம். அதில் 1953 மொறிஸ் மைனர் என்று இருக்கும். இப்போது காரைப் பாருங்கள். எஞ்சின் பின்னாளைய மைனரினுடையது. கியர்ப்பெட்டி டட்சனுடையது. இடப்பக்கக் கதவு இணுவிலில் உடைத்த ஒரு காரிலிருந்து வந்தது. ஒல்ரனேற்றர் ஏதோ ஒரு யப்பான் வானுடையது. மொறிஸ் மைனராக மிஞ்சியிருப்பது முகவெட்டும் ஹோர்னும்.

வெட்கப்பட வேண்டாம். இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸே உற்பத்தி தொடங்கும் தறுவாயில், கார் ஒடுங்கலாக இருக்கிறது என்று முன்மாதிரியை நெடுக்காக இரண்டாக வெட்டி நாலு அங்குலம் அகட்டினார். ஏற்கெனவே அடித்து வைத்திருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டி நாலு அங்குலத் துண்டு வைத்து ஒட்டினார்கள். 1948 இல் வெளிவந்து பதினாறு இலட்சத்துக்கும் மேல் விற்ற காரின் பிறப்பே வெட்டி ஒட்டின வேலைதான். கோண்டாவில் கராஜில் நடந்தது அதன் தொடர்ச்சி.

வெட்கப்பட வேண்டியது வேறிடத்தில். புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் சசி இலக்கமும் காரிலுள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிறகு உரிமையாளர் பெயரைப் பாருங்கள். அது பெரும்பாலும் பெரியப்பாவின் பெயராக இருக்கும். அவர் மொன்றியலில் இருப்பார், அல்லது மேலுலகில் இருப்பார். "அடுத்த கிழமை பெயர் மாத்துவம்" என்று 1980களில் சொன்ன கிழமை இன்னும் வரவில்லை. பெயர் மாறாத காரை விற்பது கடினம். இதைக் கேட்டதும் உங்களுக்குள் ஒரு நிம்மதி தோன்றினால் அதைக் குறித்து வையுங்கள். படி 10 இல் தேவைப்படும்.

படி 3: காந்தமும் சாக்கும்

காந்தத்தைக் கதவின் கீழ்விளிம்பில் வையுங்கள். ஒட்டினால் தகரம், விழுந்தால் பட்டி. யாழ்ப்பாணத்தின் உப்புக் காற்றில் அறுபது வருடம் நின்ற கார் என்றால் விழுவதே வழமை.

துருவின் கனம் காருக்குக் கார் வேறுபடும். ஒஸ்ரின் ஏ-40இல் டெவன், சோமசெற் இரண்டுக்கும் தனிச் சசி உண்டு. பொடி உக்கினாலும் கீழே ஒரு முதுகெலும்பு இருக்கிறது. மொறிஸ் மைனருக்கு அப்படி இல்லை. அதன் பொடியே அதன் சசி. கதவுக்குக் கீழே நெடுக்க ஓடும் பெட்டியும், பின் வில்லுத்தகடு பொருந்தும் இடமும் உக்கியிருந்தால் பெயின்ற் எவ்வளவு மினுங்கினாலும் கார் முறிந்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். சோதனை எளிது. நடுப்பகுதியில் ஜக் வைத்து உயர்த்திக் கதவைத் திறந்து சாத்துங்கள். சாத்த முடியாவிட்டால், செலவுக் கணக்குக்கு இன்னொரு கொப்பி வாங்குங்கள்.

அப்படியே முன்சில்லுக்குக் கீழே பாருங்கள். மைனரில் சில்லைத் தாங்கும் கீழ்மூட்டு ஒன்று புரியால் பொருந்தியிருக்கும். கிறீஸ் காணாமல் புரி தேய்ந்தால் ஒருநாள் சில்லு உள்ளே மடிந்து கார் முழங்காலில் இருந்துவிடும். இந்த ஒரு வேலையைத் திருத்துவதா விற்பதா என்று யோசிக்காமல் இன்றைக்கே செய்யுங்கள். பிறேக் றப்பரையும் அப்படியே. கைந்நூல் இந்த ஓரிடத்தில் பகிடி விடவில்லை.

கடைசியாக றேடியேற்றர். நல்லூர்க் கிணறு சுண்ணாம்புக் கல்லில் வெட்டியது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிற அதே சாமான் எழுபது வருடமாக எஞ்சினுக்குள்ளும் படிந்திருக்கிறது. மழைத்தண்ணியைப் பிடித்து விட்டவர்களின் கார் கொதிக்காது. உங்கள் அப்பா எந்தத் தண்ணி விட்டார் என்று அம்மாவிடம் கேளுங்கள். "அந்த மனிசன் கார் தண்ணியை மட்டும் கவனமாப் பாத்தது" என்று தொடங்கும் பதில் வேறு திசைக்குப் போனால் விட்டுவிடுங்கள்.

படி 4: கார் என்ன குடித்தது என்று விசாரித்தல்

வேறு ஊர்க் கைந்நூல்களில் இந்தப் படி இருக்காது. வேறு ஊரில் கார் பெற்றோல் குடித்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதும் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை, மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் கொஞ்சம் வந்தது. அதில் குப்பிவிளக்கு எரிந்தது. மிச்சத்தில் கார் ஓடியது.

எப்படி ஓடியது என்பதை இளைய வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவில் ஆவியாகாது. அதனால் ஒரு சிறு போத்தலில் உயிரைப்போல் பொத்தி வைத்த பெற்றோலில் சில துளியைக் காபுரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புதிய காரின் எஞ்சின் இதைக் குடித்தால் அடித்துக்கொண்டு சாகும். அந்தக் காலத்து ஒஸ்ரினும் மொறிஸும் ஏழுக்கு ஒன்று என்ற அளவில் மெல்ல அமுக்கும் எஞ்சின்கள். தரம் குறைந்த எரிபொருளை முணுமுணுத்தாவது விழுங்கிவிடும். யப்பான் கார்கள் சீமெந்துக் கல்லில் ஏறி நின்ற வருடங்களில் கிழட்டு ஒஸ்ரின்கள் வெள்ளைப் புகையோடு ஹையர் ஓடின. கலியாணத்துக்கும் ஓடின, ஆசுப்பத்திரிக்கும் ஓடின. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சியை நோக்கி வெளிக்கிட்டபோது, நடக்க முடியாத முதியவர்களை ஏற்றிக்கொண்டு அந்தச் சனத்துக்குள் ஊர்ந்தன.

எரியாத மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டிக் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். அதனால் டிப்ஸ்ரிக்கைப் பார்த்தால் ஒயில் குறையாது, கூடும். "எங்கடை காருக்கு ஒயிலே விடத் தேவையில்லை" என்று அந்தக் காலத்தில் பெருமைப்பட்ட வீடுகள் இருந்தன. அந்தப் பெருமையின் மிச்சம் இன்று உங்கள் சிலிண்டர் சுவரில் கீறலாக இருக்கும். எஞ்சினை இறக்கிச் சிலிண்டரைக் கடைந்து 'போர்' பண்ணியாயிற்றா என்று கேளுங்கள். பண்ணியாயிற்று என்றால் எந்த வருடம், எந்தக் கை என்று கேளுங்கள். எந்தக் கை என்ற கேள்விதான் முக்கியம்; ஏன் என்று படி 10 சொல்லும்.

படி 5: சாமான் தேடுதல்

உதிரிப்பாகத்துக்கு நாலு வழி.

முதல் வழி, செத்த கார். குடாநாட்டில் ஏதோ ஒரு வேலியோரத்தில், கிளுவைக்கும் பூவரசுக்கும் நடுவே, உங்கள் காரின் சகோதரம் ஒன்று படுத்திருக்கிறது. உடைமைக்காரர் விற்க மாட்டார்; அவரும் இதே கைந்நூலின் ஏதோ ஒரு படியில் நிற்கிறார்.

இரண்டாவது வழி, தெற்கு. இலங்கையிலேயே மொறிஸ் மைனருக்குத் தகரப் பகுதிகள் அடித்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையத்தின் சார்ள்ஸ் வேர் அதில் பங்காளியாக இருந்தார். பிறந்த ஊரில் கார் உக்க, பிழைக்கப் போன ஊரிலிருந்து மட்காட் போனது. யாழ்ப்பாணத்தவருக்கு இது புதிய கதை அல்ல.

மூன்றாவது வழி, இந்தியா. ஒக்ஸ்போட் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். அந்தக் காரின் மூன்றாம் வரிசையை இந்துஸ்தான் மோட்டர்ஸ் வாங்கி அம்பாசடர் என்று பெயர் மாற்றி 2014 வரை அடித்துக்கொண்டிருந்தது. ஏ-40 காரருக்குச் சென்னை எண்ணூரில் ஒரு பழைய உறவு உண்டு. பின்னர் அசோக் லேலண்ட் ஆன அசோக் மோட்டர்ஸ் 1948 இல் தொடங்கியது இதே ஒஸ்ரின் ஏ-40ஐப் பொருத்தத்தான். உறவு பழையது என்பதால் சாமான் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

நாலாவது வழி, சூட்கேஸ். லண்டனில் மைனருக்கு இன்றைக்கும் கடையில் சாமான் வாங்கலாம். திருவிழாவுக்கு வரும் மருமகனிடம் சொல்லிவிடுங்கள். சொக்கிளேற், சம்பு, மூட்டு எண்ணெய் ஆகியவற்றுக்கு நடுவே அரைக்கிலோ இரும்பு வரும். வந்த இரும்பு வலப்பக்கத்துக்குரியதாக இருக்கும். உங்களுக்குத் தேவை இடப்பக்கம். பத்திரமாக வையுங்கள். வலப்பக்கமும் போகும்.

படி 6: செலவுக் கணக்கு

மெக்கானிக்கிடம் மதிப்பீடு கேளுங்கள். அவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, சைலன்சரைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, "அண்ணை, சின்ன வேலைதான்" என்பார். கணக்கைத் தொடங்க இது போதும்.

பணம் எவ்வளவு என்பதை எந்தக் கைந்நூலும் சொல்ல முடியாது. காலம் எவ்வளவு என்பதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. "கொடியேற்றத்துக்கு முன்னம் தாறன்" என்றால் தேருக்குப் பிறகு. "தேருக்கு ஓடலாம்" என்றால் கந்தசஷ்டி. "கந்தசஷ்டிக்கு முடியும்" என்றால் தைப்பொங்கல். "பொங்கலுக்குக் கட்டாயம்" என்றால் ரிங்கரிங் பெடியன் கட்டாருக்குப் போய்விட்டான்.

வயரிங் வேலைக்கு ஒரு தனிக் குறிப்பு. பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றரியின் பொசிற்றிவ் பக்கத்தைத்தான் பொடியில் கட்டுவார்கள். புதிதாகப் படித்து வந்த தம்பிமார் அதைப் பிழை என்று எண்ணித் திருத்திக் கட்டிவிடுவார்கள். அப்படித் திருத்தியதைத் திருத்துவதற்கான செலவைத் தனி நிரலில் எழுதுங்கள்.

படி 7: குடும்ப மாநாடு

கார் அப்பாவினுடையது என்றால் பிள்ளைகள் எல்லோருக்கும் வாக்குரிமை உண்டு. வட்ஸ்அப்பில் கூட்டுங்கள். ரொறன்ரோவுக்குக் காலை, லண்டனுக்கு மத்தியானம், மெல்பேணுக்கு நடுச்சாமம். மெல்பேண் தங்கச்சி கொட்டாவியோடு வருவா. விற்கக் கூடாது என்பா. ரொறன்ரோ அண்ணை வேலைக்குப் போகும் வழியில் வருவார். விற்கக் கூடாது என்பார். லண்டன் அக்கா அழுவா.

அப்போது நீங்கள், "அப்பிடியெண்டால் எஞ்சின் வேலைக்கு ஆளுக்குக் கொஞ்சம் போடுவமோ?" என்று கேளுங்கள். ரொறன்ரோவில் சிக்னல் போய்விடும். லண்டனில் ஆரோ கதவைத் தட்டுவார்கள். மெல்பேணில் பிள்ளை எழும்பிவிடும்.

இதை வைத்து உடன்பிறப்புகளைக் குறை நினைக்க வேண்டாம். அவர்களுக்குக் கார் ஓட வேண்டியதில்லை. அது நின்ற இடத்தில் நிற்பதே போதும். வெளிக்கிட்டுப் போனவருக்கு வீடு மாறாமல் இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவருக்குக் காலையில் ஸ்ராட் ஆக வேண்டும். முற்றத்தில் நிற்பது ஒரே கார்.

படி 8: வாங்க வருபவர்களை வகைப்படுத்தல்

கொழும்புச் சேகரிப்பாளர்: பட்டியைத் தட்டிப் பார்க்கத் தெரிந்தவர். விலையைச் சொல்ல முன் "மண்ணெண்ணெயில் ஓடினதோ?" என்று கேட்பார். ஓம் என்றால் விலையைக் குறைப்பார். வாங்கிக்கொண்டு போன பிறகு தன் நண்பர்களுக்கு அதையே கதையாகச் சொல்லி விலையைக் கூட்டுவார்.

கலியாண வாடகைக்காரர்: கூரையைக் கழற்றலாமா என்று கேட்பவர். அவருக்கு எஞ்சின் அவசியமில்லை. மாப்பிள்ளையும் பொம்பிளையும் இருக்க இடமும், மல்லிகை கட்ட பம்பரும் போதும்.

ஹோட்டல்காரர்: வாசலில் நிறுத்தி, பூச்சாடி வைத்து, வெள்ளைக்காரர் படம் எடுக்க விடுவார். பெயின்ற் அடிப்பார். எஞ்சினைக் கழற்றி விற்பார்.

பழைய இரும்புக்காரர்: பொய் சொல்லாத ஒரே ஆள். தராசு கொண்டு வருவார்.

எவர் வந்தாலும் ஓடிக் காட்ட வேண்டும். காலையிலேயே எஞ்சினைச் சூடாக்கி வையுங்கள். முத்திரைச் சந்தியால் கல்வியங்காடு போய்த் திரும்புங்கள். வாங்குபவர் கிளச்சைப் பற்றிக் கேட்கும்போது மந்திரிமனையைக் காட்டிச் சரித்திரம் சொல்லுங்கள். குடாநாட்டில் விற்பவருக்கு இயற்கை செய்த உதவி ஒன்று உண்டு: இங்கே ஏற்றம் இல்லை. கீரிமலையில்கூட மலை இல்லை. ஹான்ட்பிறேக் பிடிக்குமா, முதலாம் கியர் இழுக்குமா என்பதெல்லாம் கடுகண்ணாவையில்தான் தெரியவரும். அதற்குள் பெயர் மாற்றி முடித்துவிட வேண்டும். பெரியப்பாவின் கையெழுத்து இல்லாததால் முடித்திருக்க மாட்டீர்கள்.

படி 9: "பொறு, விலை ஏறும்" என்பவரைக் கையாளுதல்

இவர் ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒருவர் இருப்பார். அவர் சொல்வதில் உண்மை இருப்பதுதான் தொல்லை.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். அதற்கு முந்திய வருடம் பழைய காரை விற்றவர் கையைப் பிசைந்தார். 1977 இல் சந்தையைத் திறந்ததும் யப்பான் கார் வந்தது. ஒஸ்ரினைக் கழித்துவிட்டு அதை வாங்கியவர் 1990 இல் கையைப் பிசைந்தார். 2002 இல் ஏ-9 பாதை திறந்தது, விற்றார்கள். 2006 இல் பூட்டியது. போர் முடிந்து மீண்டும் திறந்தது, விற்றார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியையே அரசு நிறுத்தியது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார் மீண்டும் வரத் தொடங்கியது, அதுவும் வரியைக் கேட்டால் நாற்காலியைப் பிடிக்க வேண்டிய விலையில்.

ஆக, இந்த நாட்டில் பழைய கார் என்பது அரசாங்கத்துக்கு எதிராக எடுத்து வைத்த காப்புறுதி. இப்படிச் சொல்லித்தான் அவர் உங்களைத் தடுப்பார்.

பதில் சொல்ல 2022ஐ எடுங்கள். எரிபொருள் வரிசை பருத்தித்துறை வீதி நெடுக நீண்ட அந்த வருடம், கியூ.ஆர். அட்டை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்தார்கள். பழைய வித்தை தெரிந்தவர்கள் மண்ணெண்ணெயை நினைத்தார்கள். மண்ணெண்ணெயும் இல்லை. ஓகஸ்ட்டில் அதன் விலை 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ஆனது. காப்புறுதி எடுத்தவரும் எடுக்காதவரும் அந்த வருடம் சைக்கிளுக்குக் காற்றடித்தார்கள்.

படி 10: மெக்கானிக்கின் வயது

இதுவரை செய்த ஒன்பது படிகளிலும் காரையே பார்த்தோம். இனிக் காரைத் திருத்துபவரைப் பாருங்கள்.

தடைக் காலத்தில் உதிரிப்பாகம் வராததால்தான் யாழ்ப்பாணத்துக் கராஜ்கள் உதிரிப்பாகம் செய்யப் பழகின. லேத் பட்டறையில் புஷ் கடைந்தார்கள். ரியூப்பை வெட்டிக் கஸ்கற் ஆக்கினார்கள். ஒரு கேம்பிறிட்ஜின் உறுப்பை மைனருக்குப் பொருத்த எங்கே எவ்வளவு அராவ வேண்டும் என்பதை எந்தக் கம்பனிப் புத்தகமும் எழுதவில்லை. அது சில பேரின் விரலில் இருக்கிறது. ஒயில் தோய்ந்த கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, ஓடுகிற எஞ்சினில் காதை வைத்து, "மூண்டாவது வால்வு" என்று சொல்லும் மனிதர் அன்று இளந்தாரி. இன்று அவருக்குக் கண்ணில் வெள்ளை.

அவரிடம் படித்த பெடியன்கள் ஸ்கானரை மாட்டி வாசிக்கும் கார்களுக்குப் போய்விட்டார்கள், அல்லது கடல் கடந்துவிட்டார்கள். ஆகவே துருவை அளந்தும் விலையை அளந்தும் வராத முடிவு இங்கே வரும். உங்கள் காருக்கு இன்னும் எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள். அவருக்கு இன்னும் எத்தனை வருடம் என்று கேளுங்கள், அவர் முகத்துக்கு நேரே அல்லாமல்.

முடிவு அட்டவணை

மெக்கானிக் அறுபதுக்குக் கீழே, பக்கத்தில் ஒரு பெடியன் வேலை பழகுகிறான்: திருத்துங்கள். செலவைப் பார்க்க வேண்டாம். இப்படி ஒரு கராஜ் கிடைப்பது காரைவிட அரிது.

மெக்கானிக் எழுபது, பெடியன் இல்லை: இந்த வருடமே திருத்துங்கள். திருத்தும்போது உங்கள் வீட்டு மகனையோ மகளையோ பக்கத்தில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க நிறுத்துங்கள். அவர்கள் கைபேசியில் படம் பிடித்தாலும் நல்லதே. பிள்ளைக்குப் பிடித்துவிட்டால் வைத்திருங்கள். பிடிக்காவிட்டால் ஓடுகிற நிலையில் விற்றுவிடுங்கள்.

மெக்கானிக் இல்லை: விற்றுவிடுங்கள். விலை கூடச் சொல்பவருக்குக் கொடுப்பதைவிட, மெக்கானிக் வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். மண்ணெண்ணெய் ஓடியதை ஒளிக்காதீர்கள். சாக்கில் கட்டி வைத்த பழைய சாமான்களையும் சேர்த்துக் கொடுங்கள். எது எதற்கு என்று உங்களுக்குத் தெரியாவிட்டாலும் வாங்கியவரின் மெக்கானிக்குக்குத் தெரியும்.

படி 2 இல், பெயர் மாறவில்லை என்று அறிந்து நிம்மதி தோன்றியதா: மேலேயுள்ள மூன்றும் உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் விற்கப் போவதில்லை. குறைந்தது பிறேக்கையாவது பாருங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: எலுமிச்சம்பழம் வைத்துத் தேங்காய் உடைத்தால் கார் ஸ்ராட் ஆகுமா?

பதில்: பற்றரி இருந்தால் ஆகும். தேங்காயைக் காருக்கு முன்னால் உடையுங்கள். பிறேக் பார்க்காத காரென்றால் கொஞ்சம் தள்ளி நின்று உடையுங்கள்.

கேள்வி: மனைவி, "காரோ நானோ" என்கிறா.

பதில்: எஞ்சின் இலக்கம் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பொருந்தாவிட்டால் காரை விற்க முடியாது; அதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் விற்றுவிடுங்கள்.

கேள்வி: பத்துப் படியும் முடித்து விற்பதென்று முடிவெடுத்தேன். மெக்கானிக் "அண்ணை, அப்ப நானே எடுக்கிறன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள். அதன் உண்மை விலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அவர் சொல்லும் விலை குறைவாகத்தான் இருக்கும். அடுத்த கிழமை கார் ஒரு சாவித் திருப்பலில் ஸ்ராட் ஆகி உங்கள் வீட்டைத் தாண்டிப் போகும். பல வருடமாக உங்களுக்குச் செய்து தருவதாகச் சொன்ன அந்தச் சின்ன வேலையை அவர் செய்து முடித்திருப்பார்.